பக்கத்து வீட்டுச் சுவரும் என் டிஷ்ஷும்

பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் ஐந்து மாதம் முகம் பார்த்துப் பேசவில்லை. காரணம், 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு டிஷ். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "உன் பக்கத்துத் தப்பையும் எழுதுவேல்ல?" என்று மட்டும் கேட்டார். எழுதுகிறேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பொதுச்சுவர். அதன் உச்சியில் பிராக்கெட் அடித்து டிஷ்ஷை மாட்டச் சொன்னவன் நான்தான். உயரத்தில் இருந்தால் படம் நன்றாக வரும் என்பது என் கணக்கு. அது மீன்முள் ஆன்டெனா காலத்துப் புத்தி. அப்போது அலை தரையிலுள்ள கோபுரத்திலிருந்து வந்தது, உயரம் உதவியது. டிஷ்ஷுக்கு அலை வருவது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து. அத்தனை தூரத்துக்கு முன்னால் என் சுவரின் பத்தடி எந்த மூலைக்கு? இது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மாட்ட வந்தவருக்கும் ஏணி சாய்க்க வாகான இடமாகப் போய்விட்டது. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை என்பதுதான் உண்மை.

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். மூன்று குறை சொன்னார். டிஷ் அவர்கள் படுக்கையறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து கதிர்வீச்சு வரும், வீட்டில் குழந்தை இருக்கிறது. காற்றடித்தால் ராத்திரி முழுக்க ஒரு சத்தம்.

முதல் இரண்டும் சரியில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டு டிஷ் வாங்கிக்கொள்ளும் சாதனம், அனுப்பும் சாதனம் அல்ல. தகடு வெறும் தகடு. வானத்திலிருந்து விழும் அலையைக் குவித்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற, அலையை வாங்கும் சின்னக் கருவியில் சேர்க்கிறது, அவ்வளவுதான். கேபிள் வழியாக மேலே போவது அந்த எல்.என்.பி. வேலை செய்வதற்கான 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம். டிஷ்ஷைக் கழற்றிவிட்டாலும் அதே அலை அவர் மாடியிலும் என் தலையிலும் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஜன்னலைப் பார்ப்பதும் கண்ணை ஏமாற்றும் தோற்றம். வீடுகளில் மாட்டும் டிஷ்களில் எல்.என்.பி. நட்டநடுவில் இருக்காது, கீழே தள்ளி இருக்கும். அதனால் தகடு முகம் காட்டும் திசையைவிட 20, 25 டிகிரி மேலேதான் அது உண்மையில் பார்க்கிறது. ஜன்னலை முறைப்பது போல இருந்த என் டிஷ், அவர் கூரைக்கும் மேலே எங்கோ ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேராக ஜன்னலைப் பார்த்திருந்தால் எனக்குப் படமே வந்திருக்காது.

இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். நான் சிரித்தேன். "டிஷ்ல கேமராவா இருக்கு அண்ணே?" என்று வேறு கேட்டேன். இரண்டு குறை தப்பாகப் போனதும் மூன்றாவதையும் அதே மூட்டையில் கட்டி வெளியே வீசிவிட்டேன். சத்தமாம், என்ன சத்தம், நான் கேட்டதே இல்லையே!

அவரும் விடவில்லை. கழற்று என்றார். என் சுவர் என்றேன். எனக்கும் சுவர்தான் என்றார். அப்புறம் இரண்டு வீட்டிலும் கதவு கொஞ்சம் பலமாகவே சாத்தப்பட்டது. அது அக்டோபர் கடைசி.

மார்ச்சில் விவகாரம் முற்றியது. தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்துக்குப் படம் கட்டம் கட்டமாக உடையும், சில நிமிடம் திரை கறுக்கும், பிறகு தானாகச் சரியாகும். முதல் நாள் விட்டுவிட்டேன். இரண்டாம் நாளும் அதே நேரம். மூன்றாம் நாள் மாடிக்கு ஓடினேன். அண்ணன் அவர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். போதாதா? போர்வையை வேண்டுமென்றே டிஷ்ஷுக்குக் குறுக்கே கட்டுகிறார் என்று முடிவு செய்து கத்திவிட்டேன். அவர் பதிலே சொல்லாமல் போர்வையை உருவிக்கொண்டு கீழே போய்விட்டார். படம் அப்போதும் வரவில்லை.

அன்று மாலை பழுதுபார்ப்பவருக்குப் போன் செய்தேன். நான் பாதி சொல்லும்போதே அவர், "சூரியன் சார், நாலஞ்சு நாள்ல தானாப் போயிடும்" என்றார். வருடத்தில் இரண்டு முறை, பகலும் இரவும் சமமாகும் நாள்களை ஒட்டி, சூரியன் நம் பார்வைக்குச் சரியாகச் செயற்கைக்கோளின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். சூரியனிலிருந்தும் ரேடியோ அலை பலமாக வந்துகொண்டிருக்கிறது. அதன் இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அமுங்கிவிடும். தினம் சில நிமிடம், சில நாள்கள். யார் தடுத்தும் நிற்காது, யார் மீதும் பழி போட முடியாது. நான்தான் ஒரு போர்வையின் மேல் போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலிலேயே சொல்லி முடித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நல்ல காற்று அன்றைக்கு. அண்ணன் நான் சொன்னதைக் கேட்டதாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. "உள்ள வா தம்பி" என்று படுக்கையறைக்குக் கூட்டிப்போய், கட்டிலின் தலைமாட்டுச் சுவரைக் காட்டி, "காதை வச்சுக் கேளு" என்றார்.

வைத்தேன். சுவருக்குள் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது போல ஒரு ஒலி. காற்று ஏறும்போது ஏறும், இறங்கும்போது இறங்கும். நடுநடுவே 'டக்' என்று போல்ட் அசையும் சத்தம். காதை எடுத்த பிறகும் கேட்டது. தகட்டில் மோதும் காற்று பிராக்கெட்டை அதிரவைக்க, போல்ட் வழியாக அதிர்வு சுவருக்குள் இறங்கி, அவர் தலைமாட்டில் போய் ஒலித்தது. என் பக்கம் அந்தச் சுவரை ஒட்டி இருப்பது மாடிப்படி. அங்கே யாரும் படுப்பதில்லை. ஐந்து மாதமாக எனக்குக் கேட்காததற்குக் காரணம் அவ்வளவுதான்.

என் கருத்து இதுதான், கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் காரணம் தப்பாக இருந்தாலும் அவருடைய தொந்தரவு நிஜமாக இருக்கலாம். தூக்கம் கெட்டவர், ஏன் கெடுகிறது என்பதற்குக் கையில் கிடைத்த காரணத்தை எல்லாம் சேர்த்துத்தான் சொல்வார். கதிர்வீச்சு என்பார், திருஷ்டி என்பார். அந்தக் காரணத்தோடு வாதாடி ஜெயிப்பது சுலபம். நான் ஜெயித்தேன். அவர் ஐந்து மாதம் தூங்கவில்லை.

இன்னொன்று. சண்டை முழுக்க இடத்தைப் பற்றியே நடந்தது. கழற்று, மாட்டேன், உன் சுவர், என் சுவர். டிஷ்ஷுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. அதற்கு வானத்தில் ஒரு குறிப்பிட்ட புள்ளி மறைக்காமல் தெரிந்தால் போதும். அந்தப் புள்ளி என் சுவரிலிருந்துதான் தெரியும் என்று யார் சொன்னது?

அதைக் கண்டுபிடித்தவர் அண்ணன்தான். சூரியன் விஷயத்தை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ படம் போற நேரத்துல எங்கெல்லாம் வெயில் விழுதோ, அங்கெல்லாம் உன் சாட்டிலைட் தெரியும்னு அர்த்தமா?" என்றார். நான் வாயடைத்துப் போனேன். சரிதானே! அந்த நிமிடத்தில் சூரியனும் செயற்கைக்கோளும் ஒரே திசையில். வெயில் படும் இடம் எல்லாம் டிஷ்ஷுக்கு ஏற்ற இடம், நிழல் விழும் இடம் எல்லாம் ஆகாத இடம்.

மறுநாள் இரண்டு பேரும் என் மாடியில் நின்றோம். கீழே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த என் மகள், "போச்சு!" என்று கத்தியதும், சாக்கட்டியால் வெயில் விழுந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தரையோடு தரையாக, பொதுச்சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, தாராளமான இடம். அண்ணன் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியக்கூடத் தெரியாது.

துளை போடாமல், இரும்புச் சட்டத்தின் மேல் நிறுத்தி, சட்டத்தில் கான்கிரீட் கட்டைகளை ஏற்றினோம். எடையில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் முகத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால் 15 கிலோவுக்கும் மேலான விசையோடு தள்ளும். காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளுவது நாலு மடங்காகும். சட்டத்துக்கும் தரைக்கும் நடுவில் ரப்பர் விரித்தோம், அதிர்வு இறங்காமல் இருக்க. கேபிள் கூடுதலாக எட்டு மீட்டர் ஓடியது, படத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. பழைய போல்ட் ஓட்டைகளை நானே சிமெண்ட் வைத்து அடைத்தேன்.

இதற்குப் போய் இவ்வளவு நீளமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நிஜ வழக்கு. ஸ்வீடனில் ஈராக்கிலிருந்து போன ஒரு குடும்பம், வாடகை வீட்டில் வைத்த டிஷ்ஷைக் கழற்ற மறுத்ததால் வீட்டையே காலி செய்ய வேண்டி வந்தது. அவர்களுக்கு அதில்தான் சொந்த மொழி வந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2008 டிசம்பரில், தகவல் பெறும் அவர்களுடைய உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பு வாங்கினார்கள். தீர்ப்பை மனதார வரவேற்கிறேன். வீடு கைவிட்டுப் போனது போனதுதான். வழக்கு ஜெயிக்கிறவரை எங்கே குடியிருப்பது என்பதை எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லாது. எனக்கும் ஆத்திரத்தில் வக்கீல் நோட்டீஸ் வரை யோசனை ஓடியது. அனுப்பியிருந்தால் அண்ணன் என்னைப் படுக்கையறைச் சுவர் வரைக்கும் விட்டிருக்கவே மாட்டார்.

போன செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் திரை மறுபடியும் கறுத்தது. நான் எழுந்திருக்குமுன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல்: "தம்பி, படம் போச்சா?"

"போச்சு அண்ணே."

"என் போர்வை உள்ளதான் இருக்கு. சொல்லிட்டேன்."