ஜோக்கர் 2 போட்ட காசை எடுத்துவிட்டதா?

"ஹாலிவுட் படமான ஜோக்கரின் இரண்டாம் பாகத்துக்குச் செலவு 20 கோடி டாலர், உலக வசூல் 20.7 கோடி டாலர், ஆகவே நஷ்டமில்லை" என்றொரு கணக்கு பகிரப்படுகிறது. இது தவறு.

வசூல் என்பது டிக்கெட் விற்ற மொத்தத் தொகை. அதில் தியேட்டர்காரர்களின் பங்கு போக, அமெரிக்காவில் சுமார் பாதியும் வெளிநாடுகளில் சுமார் 40 சதவீதமும்தான் ஸ்டுடியோ கைக்கு வரும். சீனாவில் 25 சதவீதமே. இந்தப் படம் அமெரிக்காவில் ஈட்டியது சுமார் 5.8 கோடி டாலர், மற்ற நாடுகளில் ஏறத்தாழ 14.9 கோடி. பங்கு பிரித்தால் ஸ்டுடியோவான வார்னர் பிரதர்ஸுக்குக் கிடைப்பது சுமார் 9 கோடிதான். தயாரிப்புச் செலவில் பாதிகூட இல்லை! உலகளாவிய விளம்பரச் செலவு இந்த 20 கோடியில் சேராது, அது தனி. ஓடிடி, தொலைக்காட்சி உரிமைகள் பள்ளத்தைக் கொஞ்சம் குறைக்கும். தியேட்டர் கணக்கை மாற்றாது.

2019இல் வந்த முதல் பாகம் 100 கோடி டாலரைத் தாண்டியது உண்மை. ஆனால் அதன் செலவு 7 கோடிக்குள் அடங்கியது. வெற்றிக்குப் பிறகு நடிகர், இயக்குநர் சம்பளமும் தயாரிப்பின் அளவும் ஏறுகின்றன. ரசிகர்கள் திரும்பி வருவார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டாம் பாகத்தின் அமெரிக்க வசூல் இரண்டாம் வார இறுதியிலேயே சுமார் 80 சதவீதம் சரிந்தது.