முட்டை கேட்ட வணிகரும் எழுத்தைச் செருகிய பண்டிதரும்

லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் 1476-இல் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவிய வில்லியம் காக்ஸ்டன், 1490-ஐ ஒட்டி அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு சிறு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். தேம்ஸ் ஆற்றிலிருந்து கடல் கடந்து செல்லப் புறப்பட்ட சில வணிகர்கள், காற்று வீசாததால் கரையொதுங்கினார்கள். அவர்களில் ஒருவர் அங்கிருந்த வீடொன்றில் 'எக்ஸ்', அதாவது முட்டை, கேட்டார். வீட்டுக்காரப் பெண்மணி தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லிவிட்டார். வணிகருக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்கும் பிரெஞ்சு தெரியாது, அவர் பேசியது ஆங்கிலம்தான். பிறகு வேறொருவர் 'எய்ரென்' வேண்டும் என்று கேட்ட பின்னரே அந்த அம்மாளுக்கு விஷயம் புரிந்தது. இவற்றில் எதை நான் அச்சில் எழுதுவது என்று காக்ஸ்டன் அங்கலாய்க்கிறார்.

அந்தப் பெண்மணிக்குப் புரிந்த 'எய்ரென்' பழைய ஆங்கிலச் சொல். வணிகர் சொன்னதோ, வடக்கிலும் கிழக்கிலும் வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்த சொல். இறுதியில் நிலைத்தது வந்தேறிச் சொல்தான். ஆங்கிலத்தின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. அந்த மொழியை இலகுவாக்கியவர்கள் எழுத்தறியாத குடியானவர்களும் வணிகர்களும். அதன் எழுத்தில் வேண்டாத சுமையை ஏற்றியவர்களில் படித்தவர்களுக்குப் பெரும் பங்குண்டு. 'சுத்தமான ஆங்கிலம்' என்ற பெயரில் பிறர் பேச்சில் பிழை பொறுக்குவோருக்கு இது உவப்பாக இராது.

பழைய ஆங்கிலம் ஒருவகையில் நம் தமிழைப் போன்றது. 'மனிதன் புலியைக் கொன்றான்' என்றாலும் 'புலியை மனிதன் கொன்றான்' என்றாலும் நமக்குப் பொருள் மாறுவதில்லை, ஏனெனில் 'ஐ' உருபு பொருளைக் காத்து நிற்கிறது. அவர்களிடமும் அத்தகைய வேற்றுமை விகுதிகள் இருந்தன. 793-இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லிண்டிஸ்ஃபார்ன் மடாலயத்தைச் சூறையாடிய ஸ்காண்டிநேவியர்களின் இனத்தார், அடுத்த நூற்றாண்டில் நிலம் பிடித்து உழவர்களாக அமர்ந்தபோது, பக்கத்து வயல்காரரோடு பேசியாக வேண்டியிருந்தது. இரு மொழிகளும் உறவுடையவை; பல சொற்களின் வேர் ஏறத்தாழ ஒன்று, விகுதிதான் வேறு. குழப்பம் தந்த விகுதியை விழுங்கிவிட்டு வேரை மட்டும் சொன்னால் மாடு விற்கலாம், பெண் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் சொல்லின் முதல் அசையில் அழுத்தம் விழுவதால் ஈற்றசைகள் ஏற்கெனவே தேய்ந்துகொண்டும் இருந்தன. ஸ்காண்டிநேவியர் செறிந்து வாழ்ந்த வடக்கில் விகுதிகள் முதலில் உதிர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது என்றே நான் கருதுகிறேன். உருபு போன பிறகு, யார் யாரைக் கொன்றார் என்பதைச் சொல்லின் வரிசையே காட்டவேண்டியதாயிற்று. இன்றும் ஆங்கிலத்தில் சொற்களை இடம் மாற்றினால் புலி மனிதனைக் கொன்றுவிடும்.

1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் இங்கிலாந்தை வென்ற கதை பலருக்கும் தெரியும். தொழுவத்தில் நின்ற ஆட்டுக்கு ஆங்கிலப் பெயரும் தட்டில் விழுந்த கறிக்குப் பிரெஞ்சுப் பெயரும் அமைந்தன. நம் பிரியாணிக் கடைப் பலகைகளில் உள்ள 'மட்டன்' அந்த வழியில் வந்ததுதான். ஆனால் கடன்சொற்களைவிட முக்கியமானது, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அரசவையும் உயர்குடியும் பிரெஞ்சில் புழங்கியதால், ஆங்கிலத்தைத் திருத்துவதற்கு ஆளில்லாமல் போனது. கவனிப்பாரற்றுக் கிடந்த காலத்தில்தான் அது மிக வேகமாக மாறியது. வழக்குமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்கவேண்டும் என 1362-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது!

எழுத்துக்கூட்டல் தனிக் கதை. ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை நெடில் உயிர்களின் உச்சரிப்பு ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தது. 'டீம' போல ஒலித்த சொல் 'டைம்' ஆயிற்று, 'ஹூஸ்' 'ஹவுஸ்' ஆயிற்று. சரியாக இந்த இடப்பெயர்ச்சியின் நடுவில்தான் அச்சு இயந்திரம் வந்து பழைய எழுத்தைப் படிப்படியாக உறையவைத்தது. 'நைஃப்' என்ற சொல்லின் தலையில் நிற்கும் 'கே' ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்த எழுத்து. ஒலி போய்விட்டது, எழுத்து தங்கிவிட்டது. அதை நான் மன்னிப்பேன்.

பண்டிதர்கள் செய்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' இல்லை. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று அதைச் செருகினார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' இன்னும் மோசம். அது லத்தீனிலிருந்து வந்ததே அல்ல, அச்சு அசலான ஆங்கிலச் சொல். லத்தீன் வழி வந்த வேறொரு சொல்லோடு உறவு கற்பித்து, நடுவில் 'எஸ்' ஒன்றை நட்டுவிட்டார்கள். சென்ற மாதம் என் மகள் டிக்டேஷனில் அந்த 'எஸ்' இல்லாமல் எழுதி ஒரு மதிப்பெண் இழந்தாள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் நீ எழுதியது சரிதான் என்று சொன்னேன். அவளுக்கு அதனால் ஆறுதல் ஏதும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இந்த மாற்றங்களையெல்லாம் நிறுத்திவைக்க ஓர் அமைப்பு வேண்டுமென்று எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1712-இல் கோரினார். அது அமையவே இல்லை. மொழியை நிலைநிறுத்தும் எண்ணத்தோடு அகராதிப் பணியைத் தொடங்கிய சாமுவேல் ஜான்சன், 1755-இல் அதை வெளியிட்டபோது, அந்த எதிர்பார்ப்பு வீண் என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். இன்று ஒருவரைக் குறிக்க 'தே' என்னும் பன்மைச் சொல்லை ஆளலாமா என்று சண்டை நடக்கிறது. அந்த ஒருமை வழக்கு பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. 'தே' என்ற சொல்லோ, முட்டையைப் போலவே, ஸ்காண்டிநேவியர் தந்தது. அதை எதிர்ப்பவர்கள், எதிரில் நிற்கும் ஒரே ஆளை 'யூ' என்று விளித்தபடிதான் எதிர்க்கிறார்கள். அதுவும் முன்பு பன்மையாகவே இருந்தது.