அந்த வீடியோவை இன்னும் எத்தனை குரூப்பில் போடப் போகிறீர்கள்?

எந்த வீடியோ என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாளாக எல்லோர் போனிலும் அதுதான். கடையில் திருடிப் பிடிபட்டு, கையில் சாக்லேட்டும் பாடி ஸ்பிரேயுமாக நிற்கும் பையன், தலை குனிந்த அப்பா. கீழே "உள்ள தூக்கிப் போடணும்" என்று திடீர் சட்ட மேதைகள்.

சரி, சட்டத்தையே பேசுவோம். ஏழு வயதுக்குக் கீழ் குற்றமே இல்லை. பன்னிரண்டு வரை, செய்வது என்னவென்று புரியும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும். பதினெட்டுக்குக் கீழே யாராக இருந்தாலும் 2015 இளைஞர் நீதிச் சட்டம்தான். லாக்கப் கூடாது, விலங்கு கூடாது. இந்த மாதிரித் திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். கூடப் போடுவதில்லை, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் சமூகப் பின்னணி அறிக்கையோடு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழுமத்தில் ஆஜர்படுத்தியாக வேண்டும். ஜாமீன் கொடுப்பதுதான் வழக்கம். மறுத்தால்தான் காரணம் எழுத வேண்டும்.

குடும்பத்துக்கு என்ன ஆகும்? குழுமம் பையனைக் கண்டித்து அனுப்பலாம், கவுன்சலிங் போகச் சொல்லலாம், பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம், நன்னடத்தைக்குப் பத்திரம் எழுதி வாங்கலாம். சிறாரைத் தங்க வைத்துத் திருத்தும் சிறப்பு இல்லமும் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அது கடைசிப் படி. ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். குற்றச் சட்டத்தின் பிரிவு 303-இல், 5,000 ரூபாய்க்குக் கீழான முதல் திருட்டில் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் வளர்ந்த ஆளுக்கே சமூக சேவைதான். பையனுக்கு நீங்கள் கேட்பது ஜெயில்!

உண்மையான தண்டனை நடப்பது பில்லிங் கவுன்டருக்குப் பின்னால், அட்டைப்பெட்டி அடுக்கிய அந்த அறையில். அப்பாவை வரவழைத்து "போன மாசம் ஸ்டாக் குறைஞ்சதும் இவன்தான்" என்பார்கள். விலையைப் போல் பத்து மடங்கு கேட்பார்கள். "என் மகன் பலமுறை திருடியுள்ளான்" என்று சொல்லச் சொல்ல எழுத வைத்து, ஆதார் நகலும் வாங்கிக்கொள்வார்கள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். எம்.ஆர்.பி. விலையைக் கொடுத்து பில் வாங்குங்கள். அதற்கு மேல் மிரட்டிப் பிடுங்கினால் அது அதே பி.என்.எஸ். பிரிவு 308, ஏழு ஆண்டு வரை சிறை. வெளியே விடாமல் பூட்டி வைத்தால் பிரிவு 127. உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், இலவச வக்கீலுக்கு 15100. கையெழுத்து மட்டும் வேண்டாம், திரும்பவும் சொல்கிறேன்.

"உங்க கடையில திருடினா தெரியும்" என்பீர்கள். நியாயம்தான். காணாமல்போன பொருளுக்கு ஊழியர் சம்பளத்தில் பிடிக்கும் கடைகள் உண்டு, அந்தக் கோபம் புரிகிறது. அப்படியானால் புகார் கொடுங்கள். வீடியோ எதற்கு? "செல்லம் கொடுத்த லட்சணம்" என்று எழுதிய அண்ணனுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. அவர் வீட்டில் எல்லோரும் உத்தமர்களாகவே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அதே பையன் காரில் வந்து இறங்கியிருந்தால்? "பரவாயில்ல சார், பில்லுல சேர்த்துக்கறோம்" என்று சிரித்திருப்பார்கள். அந்த அப்பா காலில் ரப்பர் செருப்பு. கேமரா ஆன் ஆனதற்கு வேறு காரணம் தேடாதீர்கள்.

போலீஸ் விசாரணை தொடங்கியபின் பையனை அடையாளம் காட்டும் செய்தியோ வீடியோவோ வந்தால் இளைஞர் நீதிச் சட்டப் பிரிவு 74: ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். பள்ளி குரூப்பில் அதைப் போட்ட ஆசிரியரும் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார். முதலில் அதை அழியுங்கள் சார், அறிவுரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.