சிவப்புப் பேனாவைப் பிடுங்கிய சனிக்கிழமை

போன வாரம் ஆபீஸ் லஞ்சில் ஒரு நண்பர் கேட்டார்: "சனிக்கிழமை காலையில நிம்மதியா தூங்காம, ஓக்லாந்து வரைக்கும் வண்டி ஓட்டிட்டுப் போய் ஊரார் பிள்ளைக்கு எழுதச் சொல்லிக் குடுக்கறியே, அதான் சாட்ஜிபிடி இருக்கே?" அப்போது என் வாய் நிறைய சப்பாத்தி. சிரித்து வைத்தேன். பதில் கொஞ்சம் நீளம், அதனால் இங்கே.

முதலில் ஒரு கடற்கொள்ளையர் கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில், ஓக்லாந்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில், வலென்சியா தெருவில், 826ஆம் எண் கட்டடம். எழுத்தாளர் டேவ் எகர்ஸும் ஆசிரியை நீனிவே கலேகாரியும் 2002இல் அங்கே பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி மையம் தொடங்கினார்கள். கதவு எண்ணையே பெயராக வைத்து 826 வலென்சியா. ஆனால் அந்த இடத்தில் கடைதான் நடத்தலாம் என்று நகர விதி குறுக்கே நின்றது. சரி, கடைதானே வேண்டும் என்று முன்பக்கத்தில் கடற்கொள்ளையருக்குத் தேவையான சாமான்கள் விற்கும் கடையைத் திறந்துவிட்டார்கள்! ஒற்றைக் கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை, மரக்கால், கண்ணாடிக் கண். பின்பக்கத்தில் மேஜை நாற்காலி, தன்னார்வலர்கள், இலவசப் பயிற்சி.

இலவசம் என்று வாசலில் பலகை வைத்தும் ஆரம்பத்தில் ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை என்று எகர்ஸே 2008இல் டெட் (TED) உரை மேடையில் சொன்னார். யார் நம்புவார்கள்? முன்னால் கொள்ளையர் கடை, பின்னால் எகர்ஸின் பத்திரிகை வேலை பார்க்கும் ஆட்கள். கலேகாரி பொறுப்பேற்று, ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் பேசிய பிறகுதான் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி.

அந்தக் கடையை வெறும் வேடிக்கை என்று நான் நினைக்கவில்லை. 'பின்தங்கிய மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்பு' என்று போர்டு மாட்டிப் பாருங்கள், உள்ளே நுழைகிற பிள்ளையின் நெற்றியிலேயே அந்த போர்டு ஒட்டிக்கொள்ளும். கொள்ளையர் கடைக்குள் போகிறவனை யார் மக்கு என்பார்கள்? பிறகு புரூக்ளினில் சூப்பர்ஹீரோ சாமான் கடை, லாஸ் ஏஞ்சலஸில் காலப் பயணிகளுக்கான கடை என்று இது பரவியது. லண்டனில் பூதங்களுக்கே ஒரு கடை இருக்கிறது.

நான் போகிற இடத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. ஒரு நூலகத்தின் பின்னறை, மூன்று மடக்கு மேஜை, ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷின். நடத்துகிற யாருக்கும் சம்பளம் இல்லை.

முதல் நாள் நான் போனது சட்டைப் பையில் சிவப்புப் பேனாவோடு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மனப்பாடம் செய்தே கட்டுரை எழுதிய தலைமுறை இல்லையா. நான் பார்க்காத 'காடு' பற்றி நான்கு பக்கம் எழுதி 20க்கு 17 வாங்கியவன். பத்து வயசுப் பையன் ஒருவன் தாளை நீட்டினான். இரண்டு நிமிடத்தில் ஒன்பது இடத்தில் சுழித்துக் கொடுத்தேன். அவன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தான். ஒருங்கிணைப்பாளர் அம்மா ஒன்றும் திட்டவில்லை. ஓய்வுபெற்ற டீச்சர். என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டு, "பென்சில் எப்பவும் அவன் கையில இருக்கணும். உன் வேலை கேட்கிறது மட்டும்தான்" என்றார். காது சுட்டது.

அவன் எழுதியிருந்தது மூன்றே வரி. எங்க மாமாவிடம் வேன் இருக்கிறது. அது நல்ல வேன். எனக்கு அது பிடிக்கும்.

அடுத்த வாரம் கேட்டேன். "அந்த வேன்ல ஏறினதும் முதல்ல என்ன தெரியும்?"

தோளைக் குலுக்கினான். நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

"வாசனை," என்றான் கடைசியில்.

"என்ன வாசனை?"

"பெயிண்ட். மாமா பெயிண்டர். புது வீடு மாதிரி வாசனை வரும். ஆனா அது எங்க வீடு இல்ல."

அதை அப்படியே எழுது என்றேன். எழுதினான், இரண்டு எழுத்துப் பிழையோடு. நான் தொடவில்லை. அது ஜெராக்ஸுக்குப் போகும் முன், கடைசி வாரம், அவனே கண்டுபிடித்து ஒன்றைத் திருத்தினான்.

நண்பரே, உங்கள் சாட்ஜிபிடி அந்த மூன்று வரியை முப்பது வரியாக, பிழையே இல்லாமல் ஆக்கிக் கொடுத்திருக்கும். அந்த வேனுக்குள் என்ன வாசனை என்று அதற்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவன்தான், அவனுக்கோ அது எழுதத் தகுந்த விஷயம் என்றே தெரியாது. அதைச் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இதைப் பள்ளி ஆசிரியர்கள் செய்யக்கூடாதா என்று கேட்பவர்கள் ஒரு கணக்குப் போடுங்கள். வகுப்புக்கு 30 பேர், ஐந்து வகுப்பு, ஆளுக்குப் பத்து நிமிடம். ஒரே ஒரு கட்டுரைக்கு 25 மணி நேரம். கலிபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் '13ஆம் முன்மொழிவு' என்ற சட்டம் வந்து சொத்து வரியைச் சொத்து மதிப்பில் 1 சதவீதத்தில் கட்டிப்போட்டது. வரிக்கான மதிப்பையும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, வீடு கைமாறினால் ஒழிய. பள்ளிகள் பெரிதும் நம்பியிருந்த வரி அது. இங்கே வீடு வாங்கிவிட்ட நானும் அந்தச் சலுகையை ருசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கொடுப்பதைத் தர்மம் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம். வட்டியில் ஒரு பங்கு என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். தன்னார்வலர்கள் வந்துவிட்டார்கள், இனி ஆசிரியர் எதற்கு என்று யாராவது கிளம்பினால் முதல் சண்டை என்னோடுதான்.

826இல் பிள்ளைகள் எழுதியதை நிஜப் புத்தகமாகவே அச்சடிக்கிறார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்து, அட்டைக்கு மஞ்சள் தாள். நாற்பது பிரதி. பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னான் பையன், போட்டோம். மாமாவுக்கு ஸ்பானிஷ்தான் படிக்கத் தெரியும் என்று, அவனே ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் காட்டினானாம்.

போன சனிக்கிழமை வந்தவன் முகம் கடுகடு என்று இருந்தது. என்னடா என்றேன்.

"மாமா புக்கை வேன் டேஷ்போர்டிலயே வச்சிருக்கார். எல்லாருக்கும் காட்டறார். அட்டை பூரா வெள்ளைப் பெயிண்ட் ஆக்கிட்டார். எனக்கு இன்னொரு காப்பி வேணும்."

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, முதல் பக்கத்தைப் பிரித்து, பென்சிலை எடுத்து அந்த இரண்டாவது பிழையைத் திருத்தினான்.