எல்எப்ஓ டூல் கிக்கைக் கேக்கிறதில்ல
மேல தம்பி ஒராள் எல்எப்ஓ டூல் (மியூசிக் சாப்ட்வேர்ல சத்தத்தை ஏத்தி இறக்கிற ப்ளகின்) கிக் ட்ரம்மைக் கேட்டுத்தான் மற்றச் சத்தத்தைக் குறைக்குது, கிக் எங்க விழுந்தாலும் பிடிச்சிடும் எண்டு போட்டிருக்கிறார், அது பிழை. அது சும்மா ப்ராஜெக்ட் டெம்போவைப் பார்த்து நீங்க கீறி வச்ச வளைவை ஓட்டுது, அவ்வளவுதான். 120 பிபிஎம்ல (நிமிசத்துக்கு 120 பீட்) பீட்டுக்கு ஒருக்கா வச்சா 500 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா சத்தம் இறங்கி ஏறும், கிக் ட்ராக்கை ம்யூட் பண்ணிப் பாருங்க, அப்பவும் அப்பிடியே இறங்கி ஏறி பம்ப் பண்ணிக்கொண்டே இருக்கும். பீட்டுக்குப் பீட்டு கிக் விழுற ஹவுஸ் மியூசிக்குக்கு அது காணும் (எனக்கும், சத்தம் கூடினா தானா அமத்திற கம்ப்ரசரை விட இதுதான் துப்பரவாக் கேக்கும்), ஆனா வெள்ளவத்தை கலியாணப் பார்ட்டிக்கு 6/8 தாளத்தில பைலா ரீமிக்ஸ் செய்யேக்க, கிக் பீட்டுக்குப் பீட்டு விழாததால, கிக் ஒரு பக்கம் பம்ப் ஒரு பக்கம் போகும். அதுக்கு கிக் விழுற இடத்தில மிடி நோட் (சாப்ட்வேருக்குக் குடுக்கிற ஸ்வர சிக்னல்) போட்டு எல்எப்ஓ டூலை ட்ரிகர் பண்ணுங்க, இல்லாட்டி கம்ப்ரசர்ட சைட்செயின் இன்புட்டுக்கு (வேற ட்ராக்கைக் கேட்டு அமத்திறதுக்கான வழி) கிக்கை அனுப்புங்க, ரிலீஸ் (அமத்தின சத்தம் திரும்ப ஏற எடுக்கிற நேரம்) மட்டும் அடுத்த கிக்குக்கு முதல் முடியோணும்.