சூட்கேஸும் ரெண்டு சாவியும்

1969ல ஆஸ்திரேலியாவுல முங்கோ ஏரின்னு ஒரு காஞ்சுபோன ஏரி, அதோட கரையில கிடைச்ச ஒரு பொண்ணோட எரிஞ்ச எலும்புகள கான்பராவுக்கு எதுல கொண்டுபோனாங்க தெரியுமா? ஜான் மல்வேனின்ற ஆய்வாளரோட சூட்கேஸ்ல. சுமார் 40,000 வருஷம் முன்னாடி வாழ்ந்தவ. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரங்க கிட்ட கேக்கணும்னே யாருக்கும் தோணல, அப்போ அதான் வழக்கம்.

அதே எலும்பு 1992ல அந்த மண்ணோட பழங்குடி மக்கள் கிட்டயே திரும்பி வந்துச்சு. வச்ச பெட்டகத்துக்கு ரெண்டு சாவி, ஒண்ணு ஆய்வாளர்கள் கிட்ட, இன்னொண்ணு பழங்குடி மக்கள் கிட்ட. ரெண்டும் சேந்தாத்தான் திறக்கும்னு இருந்துச்சு.

இந்த மாற்றத்துக்கு உழைச்சவங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இசபெல் மக்ப்ரைட்ன்ற தொல்லியல் ஆய்வாளர். அவங்களோட பெரிய வேலை பழங்குடி மக்களோட கல் கோடாரிகளப் பத்தின ஆராய்ச்சி. மெல்போர்னுக்கு வடக்க மவுண்ட் வில்லியம்னு ஒரு பச்சைக்கல் குவாரி, உருண்ட்ஜெரி மக்களோடது. அங்க வெட்டுன கல்லு நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போயிருக்கு, ஆனா கிழக்க பக்கத்துலயே இருக்குற குனை மக்களோட ஊர்ப்பக்கம் பெருசா போகவே இல்ல. ஏன்னா ரெண்டு பேருக்கும் ஆகாது! தூரத்த அளந்துக்கிட்டு உக்காந்திருந்தா இது பிடிபட்டிருக்குமா? கல்ல சீவி மைக்ரோஸ்கோப்ல பாத்ததோட நிக்காம, வில்லியம் பராக் மாதிரி உருண்ட்ஜெரி பெரியவங்க 19ஆம் நூற்றாண்டுல சொல்லிவச்சதையும் சேத்துப் படிச்சாங்க. அந்தக் குவாரிக்கு பில்லிபெல்லரின்னு ஒரு தலைவர் பொறுப்பு, கல்லு வேணும்னா அவர் கிட்ட கேட்டு, போஸம்ன்ற (possum) மரத்துல வாழுற விலங்கோட தோல் போர்வை மாதிரி எதாவது கொடுத்துத்தான் வாங்கணும். அதாவது அனுமதி கேக்குறதுன்றது ஏதோ யுனிவர்சிட்டி எதிக்ஸ் கமிட்டி புதுசா கண்டுபிடிச்ச ஃபார்ம் இல்லங்க, அந்த ஊர்ல அது பழைய சட்டம்.

"இப்படி எல்லாரையும் கேட்டுக்கிட்டு இருந்தா ஆராய்ச்சி எப்ப நடக்கும்"னு சொல்றவங்களுக்கு ஆஸ்திரேலியாவோட வடக்குல இருக்குற மஜெட்பெபேன்ற பாறைக் குடைவ காட்டுவேன். அந்த இடத்துக்குச் சொந்தக்காரங்களான மிரார் பழங்குடி மக்கள் எப்ப வேணா தோண்டுறத நிறுத்தச் சொல்லலாம்னு ஒப்பந்தம் போட்டுட்டுத்தான் 2012லயும் 2015லயும் கிறிஸ் கிளார்க்சன் குழு அங்க தோண்டுச்சு. ஆஸ்திரேலியாவுல மனுஷங்க 65,000 வருஷமா இருக்காங்கன்ற கணக்கு அங்கருந்துதான் வந்துச்சு.

எல்லாம் சுமூகம்னு சொல்லல. 2022ல முங்கோ எலும்புகள மறுபடி மண்ணுல புதைச்சப்போ சில பழங்குடியினரே அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போயிருந்தாங்க. எனக்கும் அந்த எலும்புகள இன்னும் கொஞ்ச நாள் வச்சுப் பாத்திருக்கலாமோன்னு ஒரு ஆசை இருக்கு, மறைக்கல. ஆனா அது அவங்க குடும்பத்துச் சண்டை, அவங்க பாட்டி.