பக்கத்து இருக்கை

கனடாவிலிருந்து வந்த சித்தியைக் கூட்டிவரக் கட்டுநாயக்காவுக்குப் போயிருந்தேன். ஹயருக்குப் பிடித்த வானில் ஏறியதும் ஏறாததுமாகச் சொன்னா: "தம்பி, கப்டனுக்கு முழுத்தலையும் நரை. முருகா முருகா எண்டுதான் வந்தனான்." விமானச் சத்தம் கேட்டாலே பங்கருக்குள் பாய்ந்த சனம் நாங்கள். அப்போது யார் விமானியின் வயதை விசாரித்தது!

சரி, விசாரிப்போம். சர்வதேசப் பயணிகள் விமானம் ஓட்டுபவருக்கு வயதெல்லை 65. 2006 வரை 60. கூட்டியபோது, கப்டன் 60ஐத் தாண்டியவரென்றால் பக்கத்தில் இருப்பவர் 60க்குக் கீழே இருக்கவேண்டும் என்றார்கள். 2014இல் அந்த நிபந்தனையும் போய்விட்டது. இப்போது விமான நிறுவனங்கள் 67 கேட்கின்றன.

கொடுத்தாலும் எனக்குப் பெரிய ஆட்சேபனை இல்லை. 2009இல் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய சல்லன்பேர்கருக்கு அப்போது 57. 2015இல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தை வேண்டுமென்றே மலையில் மோதியவனுக்கு 27. அதுவும், கப்டன் வெளியே போன நேரம் கதவைப் பூட்டிக்கொண்டு தனியே இருந்தபோது.

அந்தத் 'தனியே'தான் என் பிரச்சினை. 60க்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு. ஆனால் மாரடைப்பு போன மாத ஈசிஜியைப் பார்த்துவிட்டா வருகிறது? 2009 ஜூனில் பிரசல்ஸிலிருந்து நியூவார்க் போன கொண்டினென்டல் விமானத்தில், அத்திலாந்திக்குக்கு மேலே 60 வயதுக் கப்டன் இறந்துபோனார். மற்ற விமானிகள் பத்திரமாக இறக்கினார்கள். 65 என்பதே இரண்டு விமானிகள் இருக்கிற விமானத்துக்குத்தான், தனியாக ஓட்டுபவருக்கு இன்றைக்கும் 60. நீண்ட பயணத்தில் ஒருவர் படுக்க மற்றவர் தனியே ஓட்டட்டும் என்றொரு யோசனையும் உலவுகிறது. அதையும் 67ஐயும் ஒன்றாகக் கேட்டு வந்தால், நானும் முருகா முருகாதான்.

எங்கள் வான்காரத் தம்பிக்கு முப்பது வயதுகூட இராது. தொடர்ந்து இரண்டாவது இரவு ஹயராம். கனகராயன்குளம் தாண்டி ஒருக்கால் சில்லு றோட்டுக்கரை மண்ணில் இறங்கி ஏறியது. அதற்குப் பிறகு நான் கதையை நிறுத்தவேயில்லை. முறிகண்டியில் தேங்காய் உடைத்து, முகம் கழுவிவிட்டு வந்து, கச்சான் பையை என்னிடம் நீட்டினான்.

"அண்ணை, லைசன்ஸ் இருக்கோ? கிளிநொச்சி மட்டும் பிடிக்கிறியளோ?"

பிடித்தேன். சித்தி பின்னால் நல்ல நித்திரை.